தோள்வலி: தண்டாலில் நான் செய்த தப்பு

தினமும் 40 தண்டால் எடுக்க ஆரம்பித்த மூன்றாவது வாரம், சட்டைக்குள் வலது கையை நுழைக்கும்போது சுருக்கென்றது. தசைவலிதானே என்று தைலம் தேய்த்தேன். போகவில்லை. பரணிலிருந்து டப்பா எடுக்கக் கையைத் தூக்கினால் பாதி உயரத்தில் குத்தும். முழுதாகத் தூக்கிவிட்டால் குறையும். அந்தப் பக்கம் படுத்தால் தூக்கம் போச்சு.

பிசியோதெரபிஸ்ட் ஒரு தண்டால் எடுக்கச் சொல்லிப் பார்த்தார். முழங்கைகள் சிலுவை மாதிரி விரிந்திருந்தன. அப்படிச் செய்யச் செய்ய, தோள் எலும்புக்கு அடியில் ஓடும் தசைநாண் (தசையை எலும்போடு இணைக்கும் நார்) எரிச்சலடையுமாம். போதாக்குறைக்கு, முதுகுக்கு நான் பயிற்சியே செய்ததில்லை.

இரண்டு வாரம் தண்டாலை நிறுத்தினேன். கையை அடியோடு அசைக்காமல் வைக்கவில்லை; அது தோளை இறுக்கிவிடும். விலாவுக்கும் முழங்கைக்கும் நடுவே சுருட்டிய துண்டை வைத்து, உடற்பயிற்சிக்கான ரப்பர் பேண்டை வெளிப்பக்கமாக இழுத்தேன்: 15 தடவை, மூன்று சுற்று. துண்டு நழுவினால் தப்பாகச் செய்கிறோம் என்று அர்த்தம். (எனக்கு முதல் நாள் நாலு தடவை விழுந்தது.) அப்புறம் பேண்டைக் கதவில் மாட்டி, என் பக்கமாக இழுப்பது.

ஆறு வாரத்தில் சட்டை போடுவது சாதாரணமானது. முழங்கையை உடம்புக்குச் சுமார் 45 டிகிரியில் வைத்து மறுபடி தண்டால்: முதலில் சுவரில், பிறகு மேசையில், இப்போது தரையில். கையைத் தூக்கவே முடியாவிட்டாலோ மரத்துப்போனாலோ இதையெல்லாம் முயலாமல் டாக்டரைப் பாருங்கள்.