திறந்தநிலைப் பாடம் திரும்பி வந்துகொண்டே இருந்தது: என் அனுபவம்

மற்றவர்களும் பகிர்ந்து பயன்படுத்த முன்கூட்டியே அனுமதி தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் நான் தயாரித்த பாடத்தை, 'உரிம முரண்' என்று இணையப் பாடக் களஞ்சியம் மீண்டும் மீண்டும் திருப்பி அனுப்பியது. சிக்கல், அதிலிருந்த ஒரு பழைய விளம்பரப் படம். உரிமத்தை 'வணிகமற்றது' என்று மாற்றினேன், பலனில்லை. பாடமே அந்த விளம்பரத்தை அலசுவதுதான், அதனால் வேறு படமும் சரிவரவில்லை. படத்தின் உரிமையாளரிடம் அனுமதி கேட்டேன், பதிலே வரவில்லை.

அப்புறம்தான் என் பாடத்தின் அடிக்குறிப்பு கண்ணில் பட்டது: 'இதிலுள்ள அனைத்தும்' கிரியேட்டிவ் காமன்ஸ் என்றது. அடுத்தவர் படத்துக்கு நான் எப்படி உரிமம் தர முடியும்? அதை 'வேறாகக் குறிப்பிட்டவை தவிர' என்று திருத்தினேன். படத்தில் நான் அலசும் பகுதியை மட்டும் வெட்டி எடுத்துப் பாடத்தில் போட்டு, கீழேயே 'அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டம், பிரிவு 107, நியாயப் பயன்பாடு. இப்பாடத்தின் உரிமம் இதற்குப் பொருந்தாது' என்று எழுதினேன். நியாயப் பயன்பாடு என்றால், விமர்சனம், கற்பித்தல் போன்றவற்றுக்கு அனுமதியின்றியே அளவோடு பயன்படுத்த இடம் தரும் விதி. அதற்குப் பார்க்கும் நான்கு காரணிகளுக்கும் (பயன்பாட்டின் நோக்கம், படைப்பின் தன்மை, எடுத்த அளவு, சந்தைப் பாதிப்பு) ஒவ்வொரு வரி விளக்கமும் இணைத்தேன். உடனே ஏற்றுக்கொண்டார்கள். அப்பாடா!