மார்கழிக் காலையில் இன்ஜின் சத்தம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மார்கழி பிறந்துவிட்டால் எங்கள் பக்கம் ஒரே புகார்: "காலையில் கார் டிக் டிக்கென்று அடிக்கிறது, ஒன்பது மணிக்குத் தானாகச் சரியாகிவிடுகிறது. பனிதானே காரணம்?" கும்பகோணத்திலும் மன்னார்குடியிலும் விடியற்காலைக் குளிர் 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். லடாக்கில் டீசலே மெழுகாகத் திரளும் குளிர் வேறு, இது வேறு. எல்லாச் சத்தத்துக்கும் பனியின் மேல் பழி போட்டுவிட்டு நிம்மதியாக இருப்பதுதான் முதல் தவறு.

அடுத்தது, கிளப்பியதும் ஆக்சிலரேட்டரை மிதித்து உறுமவிடுவது. இரவெல்லாம் நின்ற இன்ஜினில் ஆயில் கீழே வடிந்திருக்கும். அது மறுபடி வால்வுகள் வரை ஏறச் சில நொடிகள் ஆகும். அதற்குள் மெக்கானிக்குகள் 'டேப்பெட் சத்தம்' என்கிற டிக் டிக் எழுந்து அடங்கினால் பெரும்பாலும் பயமில்லை. ஆனால் அந்த நொடிகளில் மிதிப்பது, மை போடாத அச்சில் மாட்டுவண்டியை விரட்டுவதற்குச் சமம். அதற்காகக் கால் மணி நேரம் நின்ற இடத்திலேயே ஓடவிடவும் வேண்டாம். அரை நிமிடம் பொறுத்து, மெதுவாக ஓட்டிப் போனாலே சூடேறிவிடும்.

நான் செய்த தவறு இதைவிடப் பெரியது. என் பழைய பெட்ரோல் காரில் டிக் டிக் ஐந்து நிமிடம் வரை நீடித்தது. சாவகாசமாகக் காப்பி குடித்துவிட்டுப் பத்து மணிக்குப் பட்டறைக்கு ஓட்டிப் போனேன். அங்கே சத்தமே இல்லை. கேட்காத சத்தத்துக்கு வால்வு இடைவெளியைச் சரிசெய்து பணமும் வாங்கிக்கொண்டார்கள். மறுநாள் விடிந்ததும் அதே டிக் டிக். பிறகு இன்னொரு மெக்கானிக் வண்டியை இரவே விட்டுவிட்டுப் போகச் சொன்னார். காலை ஆறு மணிக்குப் பானெட்டைத் திறந்து, டார்ச் அடித்துக் காட்டினார். புகை வெளியேறும் குழாய் இன்ஜினோடு சேரும் இடத்தில் விரல் நீளத்துக்குக் கரிக்கோடு. அந்த இணைப்பில் புகை கசியாமல் அடைக்கும் கேஸ்கட் போயிருந்தது. குளிர்ந்த இரும்பில் இடைவெளி விழுந்து புகை கசியும். சூடேறி விரிந்ததும் அடைத்துக்கொள்ளும். குளிர்ச் சத்தத்தைக் குளிர்ந்த இன்ஜினில்தான் பிடிக்க முடியும். இரவே விட முடியாதவர்கள், சாவியைத் திருப்புவதற்கு முன்பே கைபேசியில் பதிவைத் தொடங்கி இரண்டு நிமிடம் எடுத்துக்கொண்டு போகலாம்.

கீச்சென்று கத்தினால் பெரும்பாலும் பெல்ட். பனி ஈரம் பட்டதும் தேய்ந்த பெல்ட் வழுக்கும். அதில் சோப்பு தேய்ப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். சத்தம் ஒரு வாரம் ஒளிந்துகொள்ளும், அவ்வளவுதான். ஓடும் பெல்ட்டின் வரிப் பக்கத்தில் எட்ட நின்று கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். கீச்சொலி நின்று திரும்பி வந்தால் கப்பிகள் நேர்கோட்டில் இல்லை என்று சந்தேகிக்கலாம். கூடினால் இழுவிசை போதவில்லை. கழுத்துச் சால்வையைக் கழற்றி வைத்துவிட்டுக் குனியுங்கள்.

டிராக்டருக்கு வாங்கிய 20டபிள்யூ-40 ஆயில் மிச்சமிருக்கிறதே என்று காரில் ஊற்றுவதும் இங்கே நடக்கிறது. டபிள்யூவுக்கு முன்னால் உள்ள எண் குறையக் குறைய, குளிரில் ஆயில் எளிதாக ஓடும். கையேடு 5டபிள்யூ-30 என்றால் அதையே ஊற்ற வேண்டும்.

சூடேறிய பிறகும் அடியிலிருந்து 'டொக் டொக்' கேட்டு, வேகம் கூட்டும்போது அதுவும் கூடினால், அல்லது ஆயில் விளக்கு அணையாமல் எரிந்தால், வண்டியை அங்கேயே அணைத்துவிடுங்கள். பட்டறை வரை ஓட்டிப் பார்க்கலாம் என்ற எண்ணமே வேண்டாம்.

தை அறுவடைச் சமயத்தில் சரசரவென்று கேட்டால் பானெட்டைத் திறப்பதற்கு முன் அடியில் குனிந்து பாருங்கள். சாலையில் காயப்போட்ட வைக்கோல் அச்சில் சுற்றியிருக்கும். சைலன்சர் ஆறிய பிறகு உருவி எடுங்கள். ஆனால் எடுக்காமல் மட்டும் கிளம்பாதீர்கள், சூட்டில் தீப்பிடிக்கும்.