புது மூங்கிலை விவரிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோடை விடுமுறை முடிந்ததும் தண்டையார்பேட்டை, வியாசர்பாடிப் பக்கத்து மாணவர்கள் செடிகளை அழுத்திவைத்த செய்தித்தாள் கட்டுகளோடு என்னைத் தேடி வருகிறார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையில் இதுவரை யாரும் பெயரிடாத புது மூங்கில் இனம் கிடைத்துவிட்டது என்ற பூரிப்பு முகத்தில் தெரியும். இடம், உயரம், தேதி குறிக்க மறப்பதைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. அதை எந்த ஆசிரியரும் திருத்திவிடுவார்.

தண்டு உறை இல்லாமல் திரும்புவது

இதைப் பார்த்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. மூங்கில் நாம் நினைத்த நேரத்தில் பூக்காது. மிசோரமில் மெலோகன்னா பாக்சிஃபெரா என்ற மூங்கில் 1959இல் கூட்டமாகப் பூத்தது. மறுபடி பூத்தது 2007ஐ ஒட்டித்தான். பூ இல்லாத நிலையில் ஒரு மூங்கிலை அடையாளம் காண முதலில் பார்க்க வேண்டியது, இளந்தண்டின் ஒவ்வொரு கணுவிலும் சுற்றியிருக்கும் உறையைத்தான். அதன் நுனியில் ஒரு சிறு இலைத்தகடு, இருபுறமும் காது போன்ற மடல்கள், அவற்றின் விளிம்பில் மெல்லிய முடிகள், முதுகில் ரோமம். இவற்றின் வடிவமும் நிறமும்தான் ஒரு இனத்தை இன்னொன்றிலிருந்து பிரிக்கின்றன.

சென்ற ஆண்டு வந்த ஒரு மாணவர் இலைக்கிளைகளை அழகாக அழுத்திக் காயவைத்திருந்தார். உறை எங்கே என்றேன். தரையில் கிடந்த ஒன்றை எடுத்துக் கொடுத்தார். மடல் உதிர்ந்து, முடி கொட்டி, பழுப்பேறிய வெறும் சருகு. அவர் போனது மே மாதம். அந்த மலைகளில் பெரும்பாலான மூங்கில்கள் மழை இறங்கிய பிறகுதான் குருத்து விடும். மறுபடி போவதற்குள் வனத்துறை அனுமதியின் காலம் முடிந்துவிட்டது. ஓராண்டு உழைப்பு அப்படியே நின்றது.

ஆகவே கல்லூரி விடுமுறையைப் பார்க்காதீர்கள், மழையைப் பாருங்கள். அவ்வாண்டுக் குருத்தின் நடுப்பகுதியிலிருந்து உறையை எடுங்கள். அடிக்கணு உறை குட்டையாக, வேறு வடிவில் இருக்கும். பறித்த கையோடு நிறத்தை எழுதிவிடுங்கள், காய்ந்தால் மாறிவிடும். மடல் நொறுங்காமல் தனித்தாளில் பொதியுங்கள்.

ஈரக் காற்றை மறப்பது

காசிமேட்டுக் கடற்காற்றில், செடியை அழுத்திய தாளைத் தினமும் மாற்றாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். உறையின் மேல் படர்ந்த வெண்பூஞ்சையை, உருப்பெருக்கியில் பார்த்தபின்னும், ‘வெண்ரோமம் அடர்ந்தது’ என்று ஒருவர் எழுதி வந்ததைக் கண்ணால் கண்டேன்.

மண்ணைத் தோண்டாமல் விடுவது

தோண்டுங்கள். மண்ணுக்குள் இருக்கும் மட்டநிலத்தண்டு குட்டையாகத் தடித்துப் புதர் கட்டுகிறதா, நீண்டு ஓடுகிறதா என்பதை மேலிருந்து ஊகிக்க முடியாது.

பழைய பெயர்களைப் புரட்டாமல் ‘புதிது’ என்பது

தாவரவியலாளர் காம்பிள் 1896இல் இந்திய மூங்கில்களைப் பற்றி எழுதிய பெருநூலிலிருந்து தொடங்குங்கள். அதன்பின் பேரினங்களே மாறியிருக்கின்றன. முன்பு அருண்டினேரியா என்று அழைக்கப்பட்ட இலங்கை, தென்னிந்திய மலை மூங்கில்கள் சில 2014இல் குருனா என்ற பேரினத்துக்கு வந்தன. பழைய பெயரில் தேடாமல் விட்டால், ஏற்கெனவே பெயருள்ள செடிக்கு இன்னொரு பெயரைச் சூட்டிவிடுவீர்கள்.

நாளிதழில் பெயரை அறிவிப்பது

செல்லாது.

மூலமாதிரியை வீட்டில் வைத்துக்கொள்வது

புதுப்பெயர் எந்தச் செடியைக் கொண்டு சூட்டப்படுகிறதோ அதுதான் மூலமாதிரி. 1990 முதல், அது எந்த உலர்தாவரகத்தில், அதாவது காய்ந்த செடிகளைக் காக்கும் காப்பகத்தில், உள்ளது என்று விவரணையிலேயே குறிப்பிட்டாக வேண்டும். குறிப்பிடாவிட்டால் அந்தப் பெயருக்கு மதிப்பில்லை. 2002ஆம் ஆண்டின் உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டமும், புதிதாகக் கண்டறிந்த இனத்தின் மாதிரியை அரசு அறிவித்த காப்பகத்தில் ஒப்படைக்கச் சொல்கிறது. நம் மாநிலத்தவர்க்குக் கோயம்புத்தூரிலேயே இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல உலர்தாவரகம் இருக்கிறது. கட்டுரையை அனுப்புவதற்கு முன்பே மாதிரியை ஒப்படைத்து, அங்கே பதிவேட்டில் தரும் சேர்க்கை எண்ணை வாங்கிவிடுங்கள்.