எங்கிருந்து வந்தீர்கள் என்று ஃபயர்பாக்ஸ் சொல்லாமல் இருக்கச் செய்வது எப்படி?

ஓர் இணைப்பைச் சொடுக்கினால், போகும் தளத்திடம் உலாவி ஒரு தகவலைத் தானாகவே ஒப்படைத்துவிடுகிறது: இவர் இன்ன பக்கத்திலிருந்து வருகிறார். இதைத்தான் ரெஃபரர் என்கிறார்கள். சொடுக்கினால்தான் என்றில்லை. ஒரு பக்கத்தில் உள்ள படம், விளம்பரம், எழுத்துரு என வெளித் தளத்திலிருந்து எது இறங்கினாலும் இந்தத் தகவல் போகும்.

இதனால் என்ன ஆகிவிடும் என்பவர்களுக்கு அமெரிக்க அரசின் மருத்துவக் காப்பீட்டுத் தளமான ஹெல்த்கேர்.கவ் நல்ல உதாரணம். விண்ணப்பிப்பவரின் வயது, அஞ்சல் குறியீடு, வருமானம், புகைபிடிப்பவரா, கர்ப்பிணியா என்பதெல்லாம் அதன் பக்க முகவரிக்குள்ளேயே இருந்தன. அந்த முகவரி அப்படியே ரெஃபரராக விளம்பர நிறுவனங்களுக்குப் போய்க்கொண்டிருந்தது 2015 ஜனவரியில் அம்பலமானது.

அதற்குப் பிறகு நிலைமை தேறியிருக்கிறது. 2020இல் வந்த குரோம் 85, 2021இல் வந்த ஃபயர்பாக்ஸ் 87 முதல், வேறு தளத்துக்குப் போகும்போது முழு முகவரி போவதில்லை; தளத்தின் பெயர் மட்டும் போகும். ஆனால் இது வெறும் இயல்புநிலைதான். முழு முகவரியையும் அனுப்பு என்று ஒரு தளம் தன் பக்கத்திலேயே எழுதிவைத்தால் உலாவி கீழ்ப்படியும். தவிர, சில நேரம் பெயரே போதும். கடனில் மூழ்கியவர்களுக்கு ஆலோசனை சொல்லும் தளத்திலிருந்து ஒருவர் வருகிறார் என்றால் அதற்கு மேல் தெரிய என்ன இருக்கிறது?

குரோமில் இதை மாற்ற அமைப்புகளில் இடமே இல்லை. நீட்சிகள் உண்டு, நான் பரிந்துரைக்க மாட்டேன். எங்கிருந்து வந்தேன் என்பதை மறைக்க, போகும் இடத்தையெல்லாம் பார்க்கும் அனுமதியை முகம் தெரியாத ஒருவருக்குக் கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஆகவே ஃபயர்பாக்ஸ்.

முதல் படி எளிது. அமைப்புகளில் தனியுரிமைப் பகுதிக்குப் போய், கண்காணிப்புத் தடுப்பை 'ஸ்ட்ரிக்ட்' என்று மாற்றுங்கள். ஃபயர்பாக்ஸ் 93 முதல், இந்த நிலையில் முழு முகவரியைக் கேட்கும் தளங்களின் பேச்சை உலாவி கேட்பதில்லை. பலருக்கு இதுவே போதும்.

தளத்தின் பெயரும் போகக் கூடாது என்றால் அடுத்த படி. முகவரிப் பட்டையில் அபவுட்:கான்ஃபிக் என்று ஆங்கிலத்தில் அடித்து, எச்சரிக்கையை ஏற்று உள்ளே போங்கள். தேடும் பெட்டியில் ரெஃபரர் என்று அடிக்கும்போதுதான் சிக்கல். அகராதியில் உள்ளபடி நடுவில் இரண்டு 'ஆர்' போட்டால் நமக்கு வேண்டிய வரிகள் வராது. ஆர்-இ-எஃப்-இ-ஆர்-இ-ஆர்: நடுவில் ஒரே ஒரு 'ஆர்'. இணைய நெறிமுறையை எழுதியபோது நேர்ந்த எழுத்துப்பிழை அது. 1996இல் வந்த ஆவணத்திலேயே இருக்கிறது, இனி திருத்தவும் முடியாது.

இப்போது வரிசையாகப் பல வரிகள் தெரியும். அவற்றில் இரண்டு, பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள்: எக்ஸ்ஆரிஜின்பாலிசி, எக்ஸ்ஆரிஜின்ட்ரிம்மிங்பாலிசி. இரண்டிலும் 0, 1, 2 என்றுதான் மதிப்புகள். பொருள் மட்டும் வேறு. முதலாவது, அனுப்பலாமா கூடாதா என்பதைத் தீர்மானிக்கிறது. 0 என்றால் எப்போதும் அனுப்பும். 1 என்றால் அடிப்படை டொமைன் (விக்கிப்பீடியா.ஆர்க் போன்ற பெயர்) ஒன்றாக இருந்தால் மட்டும். 2 என்றால் முழுப் பெயரும் அச்சாகப் பொருந்தினால் மட்டும். 'ட்ரிம்மிங்' உள்ளது, அனுப்புவதில் எவ்வளவு வெட்டுவது என்பதற்கு. 0 முழுசு, 1 கேள்விக்குறிக்குப் பின்னால் உள்ளதை நீக்கும், 2 தளத்தின் பெயரை மட்டும் விடும்.

என் சிபாரிசு: பாலிசிக்கு 1, ட்ரிம்மிங்குக்கு 2. பாலிசிக்கும் 2 போட்டால், தமிழ் விக்கிப்பீடியாவிலிருந்து ஆங்கில விக்கிப்பீடியாவுக்குப் போவதுகூட அந்நியத் தளத்துக்குப் போவதாகிவிடும். அவ்வளவு கெடுபிடி வேண்டியதில்லை.

அதே பட்டியலில் சென்ட்ரெஃபரர்ஹெடர் என்று ஒரு வரி இருக்கும். அதை 0 ஆக்கினால் எல்லாமே நின்றுவிடும் என்று சிலர் எழுதுகிறார்கள். நிற்கும்தான், கூடவே சில தளங்களில் உள்நுழைவும் நின்றுவிடும். படிவத்தை அனுப்பியவர் தங்கள் தளத்தின் பக்கத்திலிருந்துதான் அனுப்பினாரா என்று ரெஃபரரைப் பார்த்துச் சோதிக்கும் தளங்கள் உண்டு. இணையதளம் கட்ட உதவும் ஜாங்கோ என்ற மென்பொருளின் பழைய பதிப்புகளில் கட்டியவை அப்படித்தான். ரெஃபரர் இல்லையென்றால் 403 (அனுமதி இல்லை) பிழையைக் காட்டிவிடும். அந்த வரியைத் தொடாதீர்கள்.

வேலை செய்கிறதா என்று பார்க்க: தமிழ் விக்கிப்பீடியாவில் ஏதாவது கட்டுரையின் அடியில் உள்ள வெளி இணைப்பு ஒன்றைச் சொடுக்குங்கள். போய்ச் சேர்ந்த பக்கத்தில் கன்ட்ரோல், ஷிஃப்ட், கே மூன்றையும் சேர்த்து அழுத்தினால் கன்சோல் திறக்கும். அங்கே டாக்குமென்ட்.ரெஃபரர் என்று அடித்து என்டர் தட்டுங்கள். (இங்கே இரண்டு 'ஆர்' போட வேண்டும்! ஜாவாஸ்கிரிப்ட் எழுதியவர்கள் எழுத்துப்பிழையைத் திருத்திவிட்டார்கள்.) மாற்றத்துக்கு முன் விக்கிப்பீடியாவின் முகவரி தெரிந்திருக்கும். இப்போது வெறும் மேற்கோள்குறிகள் இரண்டு மட்டும் வந்தால் சரி. ஏற்கெனவே திறந்திருக்கும் பக்கத்தைப் புதுப்பித்துப் பார்க்காதீர்கள்; பழைய மதிப்புதான் வரும். மறுபடி முதலிலிருந்து சொடுக்கித்தான் வர வேண்டும்.

பிற்சேர்க்கை: வேறு தளங்களில் பதித்த யூடியூப் வீடியோக்கள் பிழை 153 என்று காட்டுவதாக வாசகர்கள் கேட்டிருந்தார்கள். காரணம் இந்த அமைப்புதான். தன் வீடியோ எந்தத் தளத்தில் ஓடுகிறது என்பதை யூடியூப் ரெஃபரர் வழியாகத்தான் அறிகிறது. அது இல்லையென்றால் ஓட்டாது. யூடியூபுக்கே போய்ப் பாருங்கள். அது தொல்லை என்றால் பாலிசியை 0க்குத் திருப்பிவிட்டு, ட்ரிம்மிங்கை மட்டும் 2இல் வைத்துக்கொள்ளுங்கள். தளவாரியாக விலக்கு அளிக்க இங்கே வழியில்லை. பணம் செலுத்தும் பக்கங்களில் தகராறு வந்தால், அபவுட்:புரொஃபைல்ஸ் பக்கத்தில் அதற்கென்று தனியாக ஒரு புரொஃபைல் உருவாக்கிக்கொள்வதுதான் நல்லது. எதையும் மாற்றாத புரொஃபைலாக அது இருக்கட்டும்.

கைபேசி பற்றியும் கேட்டிருந்தார்கள். ஆண்ட்ராய்டில் ஃபயர்பாக்ஸ் நைட்லி என்ற சோதனைப் பதிப்பில் அபவுட்:கான்ஃபிக் திறக்கும். ஐபோனில் அந்தப் பக்கமே கிடையாது. அங்கே இணைப்பைச் சொடுக்காமல், நகலெடுத்து முகவரிப் பட்டையில் ஒட்டிப் போங்கள். அப்படிப் போனால் எந்த உலாவியும் ரெஃபரர் அனுப்பாது. ஒட்டுவதற்கு முன் முகவரியின் வாலைப் பாருங்கள்: எஃப்பிகிளிட் என்றோ யுடிஎம் என்றோ தொடங்கும் நீளமான பகுதி இருந்தால் அழித்துவிடுங்கள். நீங்கள் எங்கிருந்து வருகிறீர்கள் என்பது அங்கேயும் எழுதப்பட்டிருக்கலாம். மேலே சொன்னவற்றில் 'ஸ்ட்ரிக்ட்' மட்டும் எஃப்பிகிளிட் போன்ற சிலவற்றை நீக்கும்; யுடிஎம்மை எதுவும் தொடாது.