பிக்கப் வண்டியின் முன் பிரேக் டிஸ்க்: பராமரிக்கும் முறையும் மாற்றும் முறையும்

நம் சாலைகளில் சரக்கேற்றி ஓடும் பிக்கப் வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு முன்சக்கரங்களில் டிஸ்க் பிரேக்கும் பின்சக்கரங்களில் டிரம் பிரேக்கும் இருக்கின்றன. மகிந்திரா பொலேரோ பிக்கப்பும் இசுசு டி-மேக்ஸும் இவ்வகையைச் சேர்ந்தவையே. பிரேக்கை மிதிக்கும்போது ஸ்டீயரிங் உதறினால் ‘டிஸ்க் கோணிவிட்டது’ என்று முடிவுகட்டி, ஒரு ஜோடி புது டிஸ்க்கை மாட்டி அனுப்புவது பட்டறை வழக்கம். சில ஆயிரம் கிலோமீட்டர் ஓடியபின் அதே உதறல் திரும்பி வருகிறது; பழி டிஸ்க்கின் தரத்தின் மேல் விழுகிறது. உண்மையில் குறை பெரும்பாலும் டிஸ்க் உட்காரும் ஹப்பின் முகத்திலோ, வீல் நட்டை இறுக்கிய விதத்திலோதான் இருக்கும்.

ஹப் முகத்தின் விட்டம் 140 மில்லிமீட்டர், டிஸ்க்கின் விட்டம் 280 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஹப்பின் ஓரத்தில் 0.05 மில்லிமீட்டர் தடிமனுள்ள துருத் திட்டு ஒன்று இருந்தாலே, அதன்மேல் சாய்ந்து உட்காரும் டிஸ்க்கின் வெளிவிளிம்பு ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர் தள்ளாடும். மாட்டிய அன்று இது தெரியாது. பேடுகளை டிஸ்க்கின் இரு பக்கமும் அழுத்திப் பிடிக்கும் மிதக்கும் வகைக் காலிப்பர் அதற்கேற்பச் சற்று நகர்ந்து கொடுத்துவிடும். ஆனால் பிரேக் மிதிக்காமல் ஓடும்போதும், ஒவ்வொரு சுற்றிலும் டிஸ்க்கின் ஒரே இடம் பேடை உரசிச் செல்வதால், அந்த இடம் மட்டும் மெல்ல மெல்லத் தேய்கிறது. டிஸ்க்கின் தடிமன் சுற்றிலும் ஒன்றுபோல இல்லாமல் 0.02 மில்லிமீட்டர் அளவுக்கு மாறினாலே பெடல் காலைத் தட்டும், ஸ்டீயரிங் ஆடும். உதறல் சில ஆயிரம் கிலோமீட்டர் கழித்து வருவதற்குக் காரணம் இதுதான்.

ஆகவே மாற்றுவதற்கு முன் அளந்து பார்க்க வேண்டும். டிஸ்க்கின் நடுமேட்டிலோ விளிம்பிலோ குறைந்தபட்சத் தடிமன் பொறிக்கப்பட்டிருக்கும். துரு மூடியிருந்தால் கம்பி பிரஷால் தேய்த்தால் தெரியும். வெர்னியரை டிஸ்க்கின் ஓரத்தில் வைத்து அளப்பவர்கள் ஏமாறுகிறார்கள், ஏனென்றால் பேட் படாத வெளிவிளிம்பு தேயாமல் வரப்பு போல நிற்கும். வெர்னியரின் வாய் அந்த வரப்பின்மேல் உட்கார்ந்து, இல்லாத தடிமனைக் காட்டும். மைக்ரோமீட்டரைக் கொண்டு, விளிம்பிலிருந்து 10 முதல் 15 மில்லிமீட்டர் உள்ளே, சுற்றிலும் எட்டு இடங்களில் அளந்து எழுதிக்கொள்ள வேண்டும். மிகக் குறைந்த அளவு பொறிக்கப்பட்ட எல்லையை நெருங்கிவிட்டால் டிஸ்க்கை மாற்றிவிடலாம். தடிமன் போதுமான அளவு மிச்சமிருந்து ஏற்றத்தாழ்வு மட்டுமே இருந்தால், லேத்தில் சீவிக்கொள்ளலாம். ஆனால் சீவியபின்னும் எல்லைக்கு மேல் தேய்வதற்கு இடம் இருக்க வேண்டும். விளிம்புவரை ஓடும் விரிசல் இருந்தால் அளவைப் பார்க்கவே தேவையில்லை, அந்த டிஸ்க் பழைய இரும்புக்குத்தான் போக வேண்டும். மழை இரவுக்குப் பின் காலையில் தெரியும் செம்பழுப்புத் துருவைக் கண்டு அஞ்ச வேண்டாம்; நாலைந்து முறை பிரேக் மிதித்தால் அது போய்விடும். கடலோரத்தில் மீன் பெட்டிகளும் உப்பு மூட்டைகளும் ஏற்றும் வண்டிகளில் காற்றோட்ட இடைவெளிக்குள் படியும் துரு வேறு. அது பட்டை பட்டையாக உரிந்து டிஸ்க்கை உள்ளிருந்து அரிக்கும்.

பராமரிப்பில் பலர் கவனிக்காத இடம் பின்சக்கரம். பல பிக்கப்புகளில் பின் ஆக்சிலுக்கும் சட்டத்துக்கும் இடையே ஒரு கம்பியால் இணைக்கப்பட்ட வால்வு இருக்கிறது. சுமை ஏறி வண்டி தாழும்போது அது பின் பிரேக்குக்கு அதிக அழுத்தத்தை விடுகிறது. அந்தக் கம்பி துருப்பிடித்து இறுகியிருந்தாலோ, பின்புறப் பட்டைச் சுருளை (லீஃப் ஸ்பிரிங்) மாற்றியபின் அதைச் சரியாக அமைக்காமல் விட்டிருந்தாலோ, டிரம்மின் லைனிங் தேய்ந்து இடைவெளி கூடியிருந்தாலோ, பிரேக் சுமையின் பெரும்பகுதியை முன் டிஸ்க்குகளே தாங்க வேண்டிவரும். மூன்று டன் எடையுள்ள வண்டி மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நிற்கும்போது வெளியாகும் ஆற்றல், 60-இலிருந்து நிற்கும்போது வெளியாவதைவிட ஏறக்குறைய 1.8 மடங்கு, ஓவர்லோடு ஏற்றினால் கணக்கு இன்னும் ஏறும். முன் டிஸ்க் அடிக்கடி சூட்டால் நீலம் பாய்ந்து போகிறதென்றால் பின் பிரேக்கைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலோ வால்பாறைச் சாலையின் 40 வளைவுகளிலோ சுமையோடு இறங்குபவர்கள், ஏறியபோது போட்ட கியரிலேயே இறங்கி, எஞ்சின் பிடிப்பில் வேகத்தைக் குறைத்துக்கொண்டால் டிஸ்க் பாதி பிழைத்துவிடும். அடிவாரத்தில் டீக்கடை முன் நிறுத்தியதும், கொதிக்கும் டிஸ்க்கின்மேல் பேடை அழுத்தியபடி பெடலில் காலை வைத்திருக்கக் கூடாது. பேடின் பொருள் அந்த இடத்தில் ஒட்டிக்கொண்டு உதறலுக்கு வித்திடும். கியரைப் போட்டு, சக்கரத்துக்குக் கல் கொடுத்து, கைப்பிரேக்கை இழுத்துவிட்டால் போதும், அது பின் டிரம்மை மட்டுமே பிடிக்கிறது. சூடு ஆறுமுன் வாட்டர் சர்வீஸுக்கு விடுவதும் கேடு. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். புதிய டாட் 4 வகை ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ், ஈரம் ஏறியபின் அதற்குரிய அளவு 155 டிகிரி மட்டுமே. எனவே இரண்டு ஆண்டுக்கொரு முறை அதை மாற்றிவிடுவது நல்லது.

இனி மாற்றும் வேலை. சமதளத்தில் வண்டியை நிறுத்தி, கைப்பிரேக் போட்டு, பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, சக்கரம் தரையில் இருக்கும்போதே வீல் நட்டுகளைச் சற்றுத் தளர்த்திக்கொள்ள வேண்டும். ஜாக்கியால் தூக்கியபின் சட்டத்துக்கடியில் ஸ்டாண்டு கொடுக்காமல் கை நீட்டக் கூடாது. ஜாக்கி தூக்குவதற்குத்தான், தாங்குவதற்கு அல்ல. சக்கரத்தைக் கழற்றுமுன் மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். பேரிங்கில் ஆட்டம் இருந்தால் அதைத் தீர்க்காமல் புது டிஸ்க் போடுவது வீண் செலவு.

காலிப்பரைக் கழற்றியதும் அதைக் கட்டுக்கம்பியால் ஸ்பிரிங்கிலோ சஸ்பென்ஷன் கையிலோ (ஆர்ம்) தொங்கவிட வேண்டும். ரப்பர் ஹோஸில் தொங்கவிட்டால் ஹோஸ் உள்ளுக்குள் கிழியும், வெளியே தெரியாது. பிரேக் தூசியைக் காற்றடித்து ஊதாமல், பிரேக் கிளீனரால் நனைத்துத் துடையுங்கள், அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. காலிப்பரைத் தாங்கும் பிராக்கெட்டையும் கழற்றியபின் டிஸ்க் வர மறுத்தால், நடுமேட்டில் மரையுள்ள இரண்டு துளைகள் இருக்கின்றனவா என்று பார்த்து, பொருத்தமான போல்ட்டுகளை மாறிமாறி இறுக்கினால் அது தானே வெளியே வரும். சில மாடல்களில் டிஸ்க் ஹப்பின் பின்புறம் போல்ட்டால் பிணைக்கப்பட்டிருக்கும். அப்போது ஹப்பையே கழற்றி, பேரிங்குக்குப் புது கிரீஸ் வைத்து, புது ஆயில் சீலும் காட்டர் பின்னும் போட்டு, பேரிங் இறுக்கத்தை வண்டியின் சர்வீஸ் கையேட்டின்படி அமைக்க வேண்டும். அனுபவமில்லாதவர்கள் இதைப் பட்டறையில் விடுவதே நல்லது.

ஹப் முகத்தைச் சுத்தம் செய்வதில் அவசரம் கூடாது. கம்பி பிரஷாலும் உப்புத்தாளாலும், குறிப்பாக வீல் நட்டு ஏறும் ஒவ்வொரு ஸ்டட்டின் அடியைச் சுற்றியும், துரு முழுவதும் நீங்கி உலோகம் தெரியும்வரை தேய்த்து, விரல் நுனியால் தடவிப் பார்க்க வேண்டும். அங்கே கிரீஸ் பூசக் கூடாது. புது டிஸ்க்கின் துருத்தடுப்பு எண்ணெயை இரு பக்கமும் கிளீனரால் துடைத்து மாட்டி, வாஷர் கொடுத்து வீல் நட்டுகளால் சீராகப் பிடித்து, நுண்ணிய தள்ளாட்டத்தை அளக்கும் டயல் கேஜை விளிம்பிலிருந்து 10 மில்லிமீட்டர் உள்ளே வைத்துச் சுற்றுங்கள். கையேடு சொல்லும் எல்லையைத் தள்ளாட்டம் தாண்டினால், டிஸ்க்கை ஒரு ஸ்டட் தள்ளித் திருப்பி மாட்டி மீண்டும் அளந்தால் பல நேரம் சரியாகிவிடும். கால் மணி நேரம் கூடுதலாகும் என்று பல பட்டறைகள் இதைச் செய்வதில்லை. நீங்களாவது கேட்டுச் செய்ய வையுங்கள்.

டிஸ்க்குகளை இரு பக்கமும் சேர்த்தே, புது பேடுகளோடு மாற்ற வேண்டும். காலிப்பரின் பிஸ்டனை உள்ளே தள்ளுமுன் பிரேக் ஆயில் டப்பாவிலிருந்து கொஞ்சம் எடுத்துவிடுங்கள், வழிந்தால் பெயின்ட் உரியும். காலிப்பர் நகர்வதற்கான ஸ்லைடு பின்கள் இரண்டும் கையால் தள்ளினால் தடையின்றி நகர வேண்டும். அவற்றுக்கு ரப்பரைக் கெடுக்காத சிலிக்கான் கிரீஸே தகும். போல்ட்டுகளையும் வீல் நட்டுகளையும் கையேட்டிலுள்ள அளவுக்கு, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால், நட்டுகளை எதிரெதிராக, இரண்டு மூன்று சுற்றில் இறுக்க வேண்டும். காற்றுத் துப்பாக்கியால் ஒரே மூச்சில் இறுக்கினால், சுத்தம் செய்த ஹப்பின்மேலும் டிஸ்க் கோணலாகவே உட்காரும்.

வண்டியை எடுப்பதற்கு முன், பெடல் கெட்டியாகும்வரை பலமுறை மிதித்துவிட வேண்டும். இதை மறந்தால் முதல் மிதியில் பிரேக் இருக்காது. அதன்பின் பிரேக் ஆயில் அளவைப் பார்த்து, வெறிச்சோடிய சாலையில் சுமையில்லாமல் 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 10 வரை, முழுவதும் நிறுத்தாமல், மிதமாக எட்டுப் பத்து முறை வேகத்தைக் குறைத்து, ஒவ்வொன்றுக்கும் நடுவில் அரை நிமிடம் ஓடவிடுங்கள். பிறகு பிரேக் மிதிக்காமல் சில கிலோமீட்டர் ஓட்டி ஆறவிட வேண்டும். முதல் 300 கிலோமீட்டருக்கு முழுச் சுமையும் மலை இறக்கமும் வேண்டாம். 100 கிலோமீட்டருக்குள் ஒருமுறை, சக்கரம் ஆறிய நிலையில், வீல் நட்டுகளை டார்க் ரெஞ்சால் மறுபடி சரிபாருங்கள்.