ஐ7 என்றாலே வேகமா? லேப்டாப்களை ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இரண்டு லேப்டாப்களின் விவரங்களை அருகருகே வைத்துப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் எண்ணின் அளவைப் பார்த்தே முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். இன்டெல் பிராசசரில் ஐ5-ஐ விட ஐ7 பெரியது, ரேமில் 8 ஜிபியை விட 16 ஜிபி பெரியது, எதில் பெரிய எண்கள் அதிகமோ அதை வாங்கிவிடலாம். இது தயாரிப்பாளர்களுக்கும் நன்றாகத் தெரியும். எந்த எண் வாங்குபவரின் கண்ணில் படுமோ அதைக் கொட்டை எழுத்தில் போடுவார்கள். விலையைக் குறைக்க எதில் கை வைத்தார்களோ, அந்த வரி பட்டியலிலேயே இருக்காது. அதனால் எழுதியிருப்பதைப் படிப்பது பாதி வேலைதான். எழுதாமல் விட்டதைத் தேடிப் பிடிப்பது மீதிப் பாதி.

பிராசசர்: பெயரை முழுசாகப் படியுங்கள்

அதிகம் பேர் ஏமாறுவது இங்கேதான், அதனால் கொஞ்சம் நிதானமாகவே பார்ப்போம். இன்டெல் 2022-இல் கொண்டுவந்த 12-ஆம் தலைமுறையில் ஐ7-1255யூ என்று ஒன்று உண்டு, ஐ5-12500எச் என்று ஒன்று உண்டு. பெயரை மட்டும் பார்த்தால் முதலாவதுதான் உசத்தி. உள்ளே போய்ப் பாருங்கள்: ஐ7-இல் வேகமான கோர்கள், அதாவது கணக்குப் போடும் பிரிவுகள், இரண்டே இரண்டு, மின்சாரத்தை மிச்சப்படுத்தும் சிறிய கோர்கள் எட்டு. ஐ5-இல் வேகமான கோர்கள் நான்கு, சிறியவை எட்டு. ஐ7-இன் அடிப்படை மின்சக்தி 15 வாட், ஐ5-இன் அடிப்படை 45 வாட். வீடியோ எடிட்டிங், பெரிய புரோகிராம்களைக் கம்பைல் செய்வது போன்ற நீண்ட நேர வேலைகளில் அந்த ஐ5, ஐ7-ஐத் தாண்டிப் போய்விடும். மாறாக, நாளெல்லாம் பேட்டரியில் ஓட்டி எழுத்து வேலை மட்டும் பார்ப்பவருக்கு யூ வகைதான் பொருத்தம். சூடும் குறைவு, விசிறிச் சத்தமும் குறைவு. ஆக, ஐ5-ஆ ஐ7-ஆ என்று பார்ப்பதற்கு முன்னால் கடைசியில் இருப்பது யூ-வா எச்-ஆ என்று பாருங்கள்.

இன்டெலின் போட்டி நிறுவனமான ஏஎம்டி பக்கம் சங்கதி இன்னும் வேடிக்கை. ரைசன் 5 7520யூ, ரைசன் 5 7530யூ, ரைசன் 5 7640யூ மூன்றையும் வரிசையாக வைத்தால் ஏதோ அண்ணன் தம்பிகள் போலத் தோன்றும். இந்த 7000 வரிசையில் உள்ளே இருக்கும் வடிவமைப்பு எது என்பதைச் சொல்வது மூன்றாவது இலக்கம். 7520-இல் அது 2, அதாவது 2019-இல் அறிமுகமான ஜென் 2, அதுவும் நான்கே கோர்கள். 7530-இல் அது 3, ஜென் 3, ஆறு கோர்கள். 7640-இல் அது 4, ஜென் 4. முதல் இலக்கமான 7 எந்த ஆண்டின் வரிசை என்பதை மட்டுமே சொல்கிறது. புது மெஷினில் பழைய சிப்பைப் போட்டு விற்கக் கூடாது என்று சட்டமா இருக்கிறது? விலைக்குத் தகுந்த மாதிரி இருந்தால் அதுவும் நல்ல கொள்முதலே. ஆனால் ரைசன் 5 என்ற பெயரை நம்பி, 7640யூ-வின் வேகத்தை எதிர்பார்த்து 7520யூ-வை வாங்கினால் ஏமாற்றம்தான்.

2023 டிசம்பரில் இன்டெல் பெயரில் இருந்த ஐ எழுத்தையே எடுத்துவிட்டு கோர் அல்ட்ரா என்று புதிதாக ஆரம்பித்தது. அப்புறம் 2024 தொடக்கத்தில் அல்ட்ரா இல்லாத கோர் 5 120யூ, கோர் 7 150யூ வந்தன. பெயர்தான் புதிது, உள்ளே இருப்பது முந்தைய ராப்டர் லேக் வடிவமைப்பு. கோர் அல்ட்ரா 5-உம் கோர் 5-உம் ஒன்றல்ல.

பெயரைப் படிக்கப் பொறுமை இல்லையா, சரி, வேகத்தை அளக்கும் சின்பெஞ்ச், கீக்பெஞ்ச் மென்பொருள்கள் தரும் மதிப்பெண்களைப் பாருங்கள். ஆனால் சிப்பின் பெயருக்கான சராசரியை விட நீங்கள் வாங்கப்போகும் அதே மாடலைச் சோதித்தவர் தந்த எண்ணைத் தேடுங்கள். ஒரே சிப்பை ஒல்லியான உடலுக்குள் வைத்தால் கொஞ்ச நேரத்தில் சூடேறி வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், நல்ல விசிறியும் காற்றோட்டமும் உள்ள உடலில் அதே சிப் கடைசி வரை தாக்குப்பிடிக்கும். முதல் நிமிட வேகத்தையும் பத்து, பதினைந்து நிமிடம் தொடர்ந்து ஓடிய பிறகான வேகத்தையும் தனித்தனியாகக் காட்டும் விமர்சனம் கிடைத்தால் அதை விடாதீர்கள்.

கிராபிக்ஸ் கார்டு: எத்தனை வாட்?

என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4060 கிராபிக்ஸ் கார்டு என்று எழுதியிருந்தால் எல்லா லேப்டாப்பிலும் ஒரே வேகம் என்று நினைப்பது அடுத்த தவறு. லேப்டாப்களுக்கான 4060-ஐ 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை எந்த அளவில் வேண்டுமானாலும் அமைத்துக்கொள்ள என்விடியா அனுமதிக்கிறது. குறைந்த வாட்டில் ஓடும் 4060-ஐ முழு வாட்டில் ஓடும் 4050 எட்டிப் பிடித்துவிடவும் கூடும். பட்டியலில் டிஜிபி, அதாவது கார்டுக்கான மின்சக்தி அளவு, என்ற வரியைத் தேடுங்கள். அது இல்லையென்றால் தயாரிப்பாளரின் பக்கத்தில் அடியில் பொடி எழுத்தில் இருக்கும். அங்கேயும் இல்லையென்றால் எண் சொல்லிக்கொள்ளும்படி இல்லை என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

இன்னொன்று: லேப்டாப் கார்டும் டெஸ்க்டாப் கார்டும் பெயரில் மட்டும்தான் ஒன்று. டெஸ்க்டாப் 4090-இல் 24 ஜிபி நினைவகம். லேப்டாப் 4090-இல் 16 ஜிபி, உள்ளே இருக்கும் சிப்பும் டெஸ்க்டாப் 4080-இல் இருப்பதே. டெஸ்க்டாப் கார்டின் கேம் சோதனை வீடியோவைப் பார்த்துவிட்டு லேப்டாப்பை முடிவு செய்யாதீர்கள்.

ரேமில் அளவு மட்டும் போதாது

16 ஜிபி என்று இரண்டிலும் இருக்கிறது, சரி. ஒன்றில் 8 ஜிபி துண்டுகள் இரண்டு, இன்னொன்றில் 16 ஜிபி துண்டு ஒன்று. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்பில் இது பெரிய வித்தியாசம், ஏனென்றால் பிராசசருக்குள் இருக்கும் கிராபிக்ஸ் இந்த ரேமைத்தான் பங்குபோட்டுக்கொள்கிறது. ஒற்றைத் துண்டு என்றால் டேட்டா போகும் பாதை பாதியாகக் குறுகிவிடும். பிராசசருக்குள் இருக்கும் கிராபிக்ஸை இன்டெல் ஐரிஸ் எக்ஸ்இ என்று விளம்பரப்படுத்திய 11, 12, 13-ஆம் தலைமுறை லேப்டாப்கள் சில, ஒற்றைத் துண்டு ரேமோடு வரும்போது விண்டோஸில் அதைவிடக் கீழான வெறும் யூஎச்டி கிராபிக்ஸ் என்றே காட்டும். பழுதெல்லாம் இல்லை, இரட்டைப் பாதை இல்லாவிட்டால் அது அப்படித்தான். நல்லவேளை, காலி ஸ்லாட் இருந்தால் இன்னொரு துண்டைப் போட்டு இதைச் சரிசெய்துவிடலாம்.

அந்த ஸ்லாட் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. ரேம் வகை எல்பிடிடிஆர்5, எல்பிடிடிஆர்5எக்ஸ் என்று எழுதியிருந்தால் அது அநேகமாக மதர்போர்டிலேயே சாலிடர் செய்யப்பட்டது. பின்னால் கூட்டவே முடியாது. ஆப்பிள் மேக்புக்குகளிலும் இதே கதை, வாங்கும் அன்று எடுத்ததுதான் கடைசி வரை. 8 ஜிபி சாலிடர் ரேம் உள்ள மெஷினை நான் யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை, பிரவுசரில் இருபது டேப் திறந்தாலே மூச்சு வாங்கும்.

ஸ்டோரேஜ், போர்ட்கள்

512 ஜிபி எஸ்எஸ்டி விண்டோஸில் சுமார் 476 ஜிபியாகத் தெரியும், கணக்கிடும் முறை வேறு, அவ்வளவுதான். பழைய வகையான சாட்டா எஸ்எஸ்டியின் உச்சம் நொடிக்கு 550 எம்பி அளவு. புதிய வகையான என்விஎம்இ எஸ்எஸ்டியின் 4-ஆம் தலைமுறையில் அது 7,000 எம்பி வரை போகும். ஆனால் சாதாரண வேலையில் இந்தப் பெரிய இடைவெளி கண்ணுக்குத் தெரிவதில்லை, எனவே 5,000-ஆ 7,000-ஆ என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். எஸ்எஸ்டி என்று சொல்லாமல் ஈஎம்எம்சி (மலிவான, மெதுவான ஸ்டோரேஜ்) என்று எழுதியிருந்தால் மட்டும் தள்ளி நில்லுங்கள்.

யூஎஸ்பி-சி என்பது ஓட்டையின் வடிவம் மட்டுமே. அதில் சார்ஜ் ஏறுமா, மானிட்டரை இணைக்கலாமா என்பதெல்லாம் தனித்தனி வசதிகள். டேட்டா மட்டும் போகிற யூஎஸ்பி-சி போர்ட்களும் உண்டு. சார்ஜுக்குப் பவர் டெலிவரி, மானிட்டருக்கு டிஸ்ப்ளேபோர்ட் என்ற சொற்கள் அந்த வரியிலேயே இருக்கின்றனவா என்று பாருங்கள். அப்புறம் யூஎஸ்பி 3.2 ஜென் 1 என்று புதிதாகத் தெரிவது பழைய யூஎஸ்பி 3.0-இன் அதே 5 ஜிகாபிட் வேகம்தான்.

திரையில்தான் கை வைப்பார்கள்

விலையைக் குறைக்க வேண்டுமென்றால் தயாரிப்பாளர் முதலில் போய் நிற்கும் இடம் திரை. ஃபுல் எச்டி, ஐபிஎஸ் என்று போட்டுவிட்டு மற்றதைச் சொல்லாமல் விட்டுவிடுவார்கள். பார்க்க வேண்டியவை இரண்டு. ஒன்று வெளிச்சம்: 250 நிட்ஸ் திரை ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்தால் மங்கிப்போகும், 300-க்கு மேல் இருந்தால் நல்லது, 400 இருந்தால் நிம்மதி. இன்னொன்று நிறம். திரை எவ்வளவு நிறங்களைக் காட்டும் என்பதை என்டிஎஸ்சி, எஸ்ஆர்ஜிபி என்ற இரண்டு அளவுகோல்களில் சொல்வார்கள். 45 சதவீதம் என்டிஎஸ்சி என்று பொடி எழுத்தில் இருந்தால், அந்தத் திரையில் சிவப்பு செங்கல் நிறமாகவும் தோலின் நிறம் சாம்பல் பூத்தது போலவும் தெரியும். அதை எஸ்ஆர்ஜிபி கணக்குக்கு மாற்றினால் 60 சதவீதத்தைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். 72 சதவீதம் என்டிஎஸ்சி என்றால் ஏறக்குறைய முழு எஸ்ஆர்ஜிபி. ஒரு பட்டியலில் என்டிஎஸ்சி, இன்னொன்றில் எஸ்ஆர்ஜிபி என்று இருந்தால் 72-ஐயும் 100-ஐயும் நேராக ஒப்பிட்டு முதலாவதைக் கழித்துவிடாதீர்கள். படம் திருத்துகிறவர்களுக்கு மட்டும்தானே இது என்று கேட்கலாம். தினமும் எட்டு மணி நேரம் கண் பார்த்துக்கொண்டிருப்பது பிராசசரையா, திரையையா?

பேட்டரியில் மணிக்கணக்கை நம்ப வேண்டாம். 18 மணி நேரம் என்பது பெரும்பாலும் வெளிச்சத்தைக் குறைத்து ஒரு வீடியோவைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்த கணக்கு. பேட்டரியில் எவ்வளவு மின்சாரம் நிற்கும் என்று சொல்லும் வாட்-அவர் எண்ணைப் பாருங்கள்: ஒரே வகைச் சிப் உள்ள இரண்டு மெஷின்களில் 42 வாட்-அவரும் 70 வாட்-அவரும் எதிரெதிரே நின்றால் விடை தானாகத் தெரிந்துவிடும். மில்லிஆம்பியர்-அவர் கணக்கு மின்னழுத்தம் தெரியாமல் ஒப்பிட உதவாது.

ஏஐ ஸ்டிக்கரும் ஸ்னாப்டிராகனும்

ஏஐ லேப்டாப் என்ற ஸ்டிக்கர் எதில் வேண்டுமானாலும் இருக்கும். மைக்ரோசாஃப்டின் கோபைலட் பிளஸ் வரையறைக்கு 40 டாப்ஸ் (நொடிக்கு 40 லட்சம் கோடி கணக்குகள்) வேகமுள்ள என்பியூ, அதாவது ஏஐ வேலைக்கான தனிப் பிரிவு, வேண்டும்; கோர் அல்ட்ராவின் முதல் தலைமுறையில் அது 11 அளவில்தான் இருந்தது. இன்டெல், ஏஎம்டி சிப்களிலிருந்து வேறு வகையான ஸ்னாப்டிராகன் சிப் உள்ள விண்டோஸ் லேப்டாப்கள் பேட்டரியில் கெட்டிக்காரர்கள், ஆனால் பழைய பிரிண்டர் டிரைவர், அலுவலக விபிஎன், சில ஆன்லைன் கேம்கள் அதில் ஓடாமல் போகலாம். உங்கள் மென்பொருள்களின் பெயரைப் பட்டியல் போட்டு ஒவ்வொன்றாகச் சரிபார்க்காமல் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

ஒரே பெயர், வேறு வேறு மெஷின்

இவ்வளவும் பார்த்து முடித்தவர்கள் கடைசியில் சறுக்கும் இடம் ஒன்று இருக்கிறது. விமர்சகர் கையில் இருந்தது ஓஎல்இடி திரையும் 75 வாட்-அவர் பேட்டரியும் உள்ள மாடல். விற்பனைப் பக்கத்தில் இருப்பது அதே பெயரில் சாதா திரையும் 50 வாட்-அவர் பேட்டரியும் உள்ள மாடல். பெயர் குடும்பத்துக்குச் சொந்தம், கான்ஃபிகரேஷனை அடையாளம் காட்டுவது பெயருக்குப் பின்னால் வரும் நீண்ட மாடல் எண் மட்டுமே. ஒப்பிடும் தளங்கள் பல நேரம் அந்தக் குடும்பத்தின் உச்ச விவரங்களையே நிரப்பி வைத்திருக்கும். மாடல் எண்ணை அப்படியே நகலெடுத்துத் தயாரிப்பாளரின் தளத்தில் தேடுங்கள். லெனோவோ இதற்கென்றே பிஎஸ்ரெஃப் என்று தனித் தளம் வைத்திருக்கிறது, சாலிடர் ரேம் எவ்வளவு, ஸ்லாட் எத்தனை, திரை எத்தனை நிட்ஸ் எல்லாம் அதில் வரி வரியாக இருக்கும்.

பெட்டி வந்ததும் அதில் ஒட்டியிருக்கும் எண்ணும் நீங்கள் தேடிப் பார்த்த எண்ணும் கடைசி எழுத்து வரை ஒன்றா என்று சீலைப் பிரிப்பதற்கு முன்பே பாருங்கள். பிரித்த பிறகு டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் மெமரியைத் தொட்டால் எத்தனை ஸ்லாட்டில் எத்தனை நிரம்பியிருக்கிறது என்று காட்டும். எண் மாறியிருந்தால் திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் பேசிவிடுங்கள்.