சேலத்திலிருந்து அந்தமான் கடலுக்கு: நண்பர்களோடு தாய்லாந்துத் தீவுகளைச் சுற்றிவரத் திட்டமிடுவது எப்படி

தாய்லாந்துக்குத் தீவுப் பயணம் போக நினைக்கும் நண்பர் கூட்டம் பெரும்பாலும் முதலில் தீவுகளின் பெயர்களை வரிசையாக எழுதிவிட்டு, பிறகு அவற்றை எப்படி இணைப்பது என்று யோசிக்கிறது. இதைத் தலைகீழாகச் செய்வதே நல்லது. எந்த மாதம் போகிறோம் என்பதை முதலிலும், எந்தப் படகு எத்தனை மணிக்குக் கிளம்புகிறது என்பதை அடுத்தும் முடிவு செய்துவிட்டால், எந்தத் தீவு என்ற கேள்விக்குத் தானாகவே விடை கிடைத்துவிடும். ஏழு இரவுகளுக்கு நான்கு இடங்களுக்கு மேல் தங்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஒரு தீவிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் ஒவ்வொரு முறையும், அறையைக் காலி செய்து, மூட்டை கட்டி, படகுத்துறையில் காத்திருந்து, கடலைக் கடந்து, புதிய அறை பிற்பகல் இரண்டு மணிக்குத் திறக்கும் வரை உட்கார்ந்திருப்பதில் பாதி நாள் போய்விடும். ஏழு நாளில் ஐந்து தீவுகளில் தங்கியவர்கள் பெரும்பாலும் ஐந்து படகுத்துறைகளைத்தான் பார்த்துவிட்டு வருகிறார்கள்.

மாதமும் கடலும்

தெற்குத் தாய்லாந்துக்கு இரண்டு கரைகள் உண்டு. மேற்கே அந்தமான் கடலில் புக்கெட், ஃபி ஃபி, கிராபி, லந்தா ஆகியவையும், கிழக்கே தாய்லாந்து வளைகுடாவில் சமுய், பங்கன், டாவ் ஆகிய தீவுகளும் இருக்கின்றன. நமக்குக் குற்றாலச் சாரலைக் கொண்டுவரும் தென்மேற்குப் பருவக்காற்றுதான் மே முதல் அக்டோபர் வரை அந்தமான் கரையையும் கலக்குகிறது. அப்போது அலை உயர்ந்து, படகுகள் குறைந்து, லந்தாவில் பல விடுதிகள் மூடப்பட்டுவிடும். சிமிலான் தீவுகளின் தேசியப் பூங்காவை மே நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை அரசே மூடிவிடுகிறது. வளைகுடாப் பக்கத்தில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை வலுக்கும். ஆகவே பொங்கல் விடுமுறையை ஒட்டிப் போகிறவர்களுக்கு அந்தமான் கரையே மிகச் சிறந்தது. பள்ளி விடுமுறைக் காலத்தில், அதாவது ஏற்காட்டில் கோடை விழா நடக்கும் மே மாதத்தில்தான் போக முடியும் என்றால் சமுய் பக்கம் போவது நல்லது. நம் சித்திரைப் பிறப்பை ஒட்டி ஏப்ரல் 13 முதல் 15 வரை அங்கே சோங்க்ரான் புத்தாண்டு வருகிறது. தெருவெங்கும் தண்ணீர் ஊற்றி விளையாடுவது பார்க்க வேண்டிய காட்சிதான் என்றாலும், அந்த நாட்களில் பேருந்தும் விமானமும் நிரம்பி வழியும்.

பருவத்தை ஒரு சம்பிரதாயமாக எண்ணிவிடக் கூடாது. 2018 ஜூலை 5 அன்று புக்கெட்டுக்கு அருகே புயல் காற்றில் ஃபீனிக்ஸ் என்ற சுற்றுலாப் படகு மூழ்கியதில் 47 பேர் இறந்தார்கள். கட்டிய பணம் போனாலும் பரவாயில்லை, படகோட்டி வேண்டாம் என்றால் வேண்டாம் என்ற முடிவை நண்பர்கள் அனைவரும் ஊரிலேயே எடுத்துவிட வேண்டும். அலை அடிக்கும் கரையில் நின்றுகொண்டு அந்த விவாதத்தைத் தொடங்கினால், எப்போதும் அவசரக்காரனே ஜெயிப்பான்.

ஏற்காட்டில் ஓர் ஒத்திகை

வெளிநாட்டுப் பயணத்துக்குப் பணம் கட்டும் முன், அதே கூட்டம் ஒரு சனி, ஞாயிறு ஏற்காட்டுக்குப் போய்வர வேண்டும் என்று நான் எல்லோரிடமும் சொல்வேன். சேலத்திலிருந்து ஏறும் மலைப்பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. பத்தாவது வளைவுக்குள் முகம் வெளுத்து ஜன்னலைத் திறக்கச் சொல்லும் நண்பர் யாரோ, அவர் விரைவுப் படகிலும் பின்பக்கத்தில்தான் உட்கார வேண்டும் என்பது அங்கேயே தெரிந்துவிடும். அலையில் முன்பக்கம் தூக்கித் தூக்கிப் போடும். பின்பக்கத்தில் ஆட்டம் குறைவு. குமட்டலுக்கான மாத்திரையை டாக்டரிடம் கேட்டு, படகு ஏறுவதற்கு முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். வாந்தி வந்த பிறகு போட்டால் பயனில்லை. ஏற்காடு ஏரியில் பெடல் படகு மிதித்ததை வைத்து யாரும் தன்னைக் கடலுக்குத் தேறியவராக எண்ணிக்கொள்ள வேண்டாம், அது அசையாத தண்ணீர்.

அந்த ஒத்திகையில் வேறு சில உண்மைகளும் வெளிவரும். காலை ஆறு மணிக்குக் கிளம்பலாம் என்றால் எட்டரைக்கு வருகிறவர் யார், ஹோட்டல் பில் வரும்போது போன் பேச எழுந்து போகிறவர் யார், எந்த இருவரை ஒரே அறையில் போடக் கூடாது என்பதையெல்லாம் சேலத்தில் தெரிந்துகொள்வது மலிவு. நான்கு முதல் ஆறு பேர் என்பது தீவுப் பயணத்துக்குச் சரியான எண்ணிக்கை. தனிப் படகு பேசினால் செலவு நன்றாகப் பிரியும், சாப்பிட ஒரே மேசையில் இடமும் கிடைக்கும். பத்துப் பேர் ஆகிவிட்டால் பாதிப் பயணம் ஆள் எண்ணுவதிலேயே கழியும்.

ஊரிலேயே முடிக்க வேண்டியவை

பாஸ்போர்ட்டில் இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடி இருக்க வேண்டும். இல்லாதவர்கள் சேலத்தில் உள்ள அஞ்சலகப் பாஸ்போர்ட் சேவை மையத்தில் நேரம் பதிவு செய்து புதுப்பித்துக்கொள்ளலாம். தாய்லாந்தின் விசா விதிகள் அடிக்கடி மாறுகின்றன. எனவே டிக்கெட் எடுக்கும் நாளன்று தாய்லாந்துத் தூதரகத்தின் இணையதளத்தைப் பார்ப்பதே முறை. போன வருடம் போய்வந்த மாமா மகன் சொன்னதை நம்பிக் கிளம்பக் கூடாது. 2025 மே 1 முதல் வருகைப் பதிவை இணையத்திலேயே செய்ய வேண்டும். அங்கே இறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இலவசமாகச் செய்துவிடலாம் என்பதால், அதற்குப் பணம் கேட்கும் இணையதளங்களை ஒதுக்கிவிடுங்கள்.

சேலம் விமான நிலையம் காமலாபுரத்தில் இருந்தாலும் அங்கிருந்து வெளிநாட்டு விமானம் இல்லை. பெங்களூரு, சென்னை இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும். பெங்களூரு தூரத்தில் குறைவு, ஆனால் விமான நிலையம் நகரத்துக்கு வடக்கே தேவனஹள்ளியில் இருப்பதால், ஓசூர் பக்கமிருந்து நுழைந்து நகரின் நெரிசல் முழுவதையும் தாண்டியாக வேண்டும். சென்னைக்கு இரவில் ஏற்காடு எக்ஸ்பிரஸ் பிடித்தால் விடியற்காலையில் சென்ட்ரலில் இறங்கி, நீல வழித்தட மெட்ரோவில் நேராக விமான நிலையம் போய்விடலாம். பகல் விமானமாக இருந்தால் நான் சென்னையையே விரும்புவேன்.

பயண நிறுவனத்திடம் தொகுப்பாக வாங்கினால் டி.சி.எஸ். என்ற வரியைப் பிடிப்பார்கள். அது வருமான வரிக் கணக்கில் சரிசெய்துகொள்ளக்கூடிய தொகை என்பதால், எல்லாவற்றையும் ஒருவர் பான் எண்ணில் போடாமல் அவரவர் பெயரில் ரசீது கேட்டு வாங்க வேண்டும். மருத்துவக் காப்பீட்டில், தீவிலிருந்து பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் செலவு அடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். ஸ்கூட்டர் ஓட்டும் எண்ணம் இருந்தால், இருசக்கர உரிமம் உள்ளவர் மட்டும் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி எடுத்துவர வேண்டும். அது இல்லாமல் விழுந்தால் காப்பீட்டு நிறுவனம் கைவிரித்துவிடும். வாடகைக் கடையில் பாஸ்போர்ட்டை அடகு வைக்கச் சொன்னால், ரொக்க முன்பணம் வாங்கிக்கொள்ளும் வேறு கடையைப் பாருங்கள். இ-சிகரெட் அந்நாட்டில் தடை செய்யப்பட்ட பொருள், பையில் இருக்கவே கூடாது.

சக்கரம் வைத்த பெரிய டிராலிப் பெட்டி இந்தப் பயணத்துக்கு எதிரி. மணலிலும் முழங்கால் தண்ணீரிலும் சக்கரம் ஓடாது. முதுகில் மாட்டும் பை ஒன்றும், போன், பாஸ்போர்ட், பணம் ஆகியவற்றை வைக்கத் தண்ணீர் புகாத சிறு பை ஒன்றும் இருந்தால் போதும்.

வழியும் படகும்

போன வழியே திரும்பாமல் இருப்பதற்காக, புக்கெட்டில் இறங்கி கிராபியில் விமானம் ஏறுவது போல டிக்கெட் எடுங்கள். புக்கெட்டில் ஓரிரவு, ஃபி ஃபி டான் தீவில் இரண்டு, கிராபிக் கரையில் உள்ள ரைலேயில் மூன்று, கடைசி இரவு கிராபி நகரில் என்று வைத்துக்கொண்டால் ஏழு இரவும் நிதானமாகக் கழியும். புக்கெட்டின் ரஸ்ஸாடா துறையிலிருந்து ஃபி ஃபிக்குப் பெரிய படகில் சுமார் இரண்டு மணி நேரம், விரைவுப் படகில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். காற்று அடிக்கும் நாளில் பெரிய படகே மேல். துறையில் டிக்கெட்டைக் காட்டியதும், போகும் இடத்துக்கு ஏற்ப ஒரு வண்ணச் சீட்டைச் சட்டையில் ஒட்டிவிடுவார்கள். அதைக் கிழித்து எறிந்துவிட வேண்டாம், படகில் யாரை எங்கே இறக்குவது என்பதை அதைப் பார்த்துத்தான் சொல்கிறார்கள்.

ஃபி ஃபி டானில் கார் ஓடும் சாலைகள் இல்லை. டோன்சாய் துறையில் இறங்கினால் நடைதான். அங்கிருந்து கிராபிக் கரையில் உள்ள ஆவ் நாங் போகும் படகு, பருவ காலத்தில் ரைலேயிலும் ஆட்களை இறக்குகிறது. பெரிய படகு கரையைத் தொடாமல் கடலிலேயே நின்றுவிடும், பக்கத்தில் லாங்டெயில் என்ற மரப்படகு ஒன்று வந்து ஒட்டிக்கொள்ளும். இரண்டு படகுகளும் வேறு வேறு தாளத்தில் ஏறி இறங்கும்போது, பையை முதலில் கொடுத்துவிட்டு, இரண்டும் ஒரே மட்டத்துக்கு வரும் நொடியில், படகுக்காரர் கையைப் பிடித்துக் கால் வைக்க வேண்டும். கையில் போனை வைத்துக்கொண்டு இதைச் செய்ய முயல வேண்டாம்.

லாங்டெயில் என்பது, வண்டி எஞ்சினை ஒரு தண்டில் பொருத்தி, நீண்ட இரும்புக் கம்பியின் முனையில் விசிறியைச் சுழலவிட்டு ஓட்டும் மரப்படகு. அதன் முகப்பில் வண்ணத் துணிகளும் பூமாலையும் கட்டியிருப்பார்கள். சங்ககிரி லாரியின் முன்னால் மாலையும் எலுமிச்சையும் தொங்குவது போல, அது படகைக் காக்கும் மே யா நாங் என்ற தெய்வத்துக்குச் சார்த்தியது. படம் எடுப்பதற்காக அந்த முகப்பில் ஏறி மிதித்துவிடாதீர்கள். ஆவ் நாங் கரையில் கட்டணப் பலகை வைத்த டிக்கெட் கூண்டு இருக்கிறது, அங்கே பேரம் தேவையில்லை. ரைலேக்குச் சாலை கிடையாது, இந்தப் படகு ஒன்றே வழி. பலகையில் இல்லாத அரைநாள் சவாரிக்கு, எத்தனை மணி நேரம், எந்தெந்த இடம், உயிர்காப்புச் சட்டை எத்தனை என்பதைப் பேசி முடித்த பிறகே பணம் கொடுக்க வேண்டும்.

ஃபி ஃபி டானுக்குப் பக்கத்துத் தீவான ஃபி ஃபி லேயில் உள்ள மாயா விரிகுடாவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கூட்டத்தால் பவளப்பாறைகள் சிதைந்ததால் 2018 ஜூனில் மூடப்பட்ட அந்த இடம் 2022 ஜனவரியில்தான் திறக்கப்பட்டது. அதன் பிறகு ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் ஓய்வு கொடுக்கிறார்கள். படகுகள் பின்புறமுள்ள லோ சாமா பக்கம் நின்றுவிடும், அங்கிருந்து நடந்து போக வேண்டும், உள்ளே நீந்தவும் கூடாது. நீந்த ஆசைப்பட்டு அங்கே போகிறவர்கள் ஏமாந்து திரும்புகிறார்கள். அதிகாலை வெளிச்சத்தில் பார்க்கப் போவதானால் போகலாம். தேசியப் பூங்காக்களில் ஆக்ஸிபென்ஸோன், ஆக்டினாக்ஸேட் போன்ற ரசாயனங்கள் கலந்த சன்ஸ்கிரீனுக்கு 2021 முதல் தடை இருக்கிறது, அபராதம் ஒரு லட்சம் பாட் (தாய்லாந்து நாணயம்) வரை போகும். முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு நீந்துவது இதற்கு எளிய மாற்று.

தண்ணீரில்

கிராமத்துக் கிணற்றில் குதித்து நீந்தப் பழகியவர்களுக்குக் கடலில் ஒரு வீண் தைரியம் வரும். கிணற்றில் நீர் நம்மை எங்கும் இழுத்துப் போவதில்லை. கடலில் கரையிலிருந்து உள்நோக்கி ஓடும் நீரோட்டம் நல்ல நீச்சல்காரரையும் கொண்டுபோய்விடும். அதில் சிக்கினால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி அந்த ஓட்டத்திலிருந்து வெளியேறிய பிறகே திரும்ப வேண்டும். சிவப்புக் கொடி பறக்கும் கரையில் கால் நனைக்கவும் வேண்டாம். சில கரைகளில் கம்பத்தில் வினிகர் பாட்டில் கட்டியிருப்பார்கள்; பெட்டி ஜெல்லி மீன் கொட்டினால் தேய்க்காமல், வினிகரைத் தாராளமாக ஊற்றி, உடனே மருத்துவ உதவி தேட வேண்டும். டைவிங் செய்கிறவர்கள் கடைசி முறை மூழ்கியெழுந்த பின் 18 மணி நேரமாவது கழித்தே விமானம் ஏற வேண்டும்.

சாப்பாடும் பணமும்

சைவக்காரர் கூட்டத்தில் இருந்தால், காய்கறி மட்டும் என்று சொன்னாலும் தட்டில் மீன் சாறு வந்துவிடும், பப்பாளிக் காய் சாலட்டில்கூட உலர்ந்த இறால் இருக்கும் என்பதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள். மஞ்சள் பலகையில் சிவப்பில் ‘ஜே’ என்று தாய் எழுத்தில் எழுதிய கடைகளில் மீனும் முட்டையும் சேர்ப்பதில்லை. அந்த எழுத்தைப் போனில் படமாக வைத்திருந்து காட்டலாம். படகு நாளுக்கு நம்மூர்த் தட்டுவடையும் புளிக்காய்ச்சலும் கைகொடுக்கும்.

சிறு தீவுகளில் ரொக்கமே பேசும். ஏ.டி.எம்.மில் வெளிநாட்டு அட்டைக்கு ஒவ்வொரு முறையும் 200 பாட்டுக்கு மேல் கட்டணம் பிடிப்பதால், சிறிது சிறிதாக எடுக்காமல் மொத்தமாக எடுங்கள். நண்பர்களுக்குள் பொதுப்பை ஒன்று வைத்து, எல்லோரும் சம தொகை போட்டு, ஒருவரே செலவு செய்து அன்றிரவே கணக்கு எழுதுவது நல்ல வழக்கம். படகு, அறை, சாப்பாடு மூன்றும் பொதுப்பையில் அடங்கும். மது ஒருபோதும் அதில் வரக் கூடாது, குடிக்காதவன் முகம் மூன்றாம் நாள் மாறிவிடும். டைவிங், மசாஜ் போன்றவையும் அவரவர் செலவே.

கடைசி இரவைத் தீவில் வைக்காமல் கிராபி நகரில் வைக்கச் சொன்னதற்குக் காரணம், படகு ஒருநாள் நின்றுவிட்டால் விமானத்தையும், அதோடு சென்னையிலிருந்து எடுத்த ரயில் டிக்கெட்டையும் சேர்த்து இழக்க நேரிடும் என்பதுதான். பொதுப்பையின் கணக்கை அந்த இரவே முடித்து, மீதி நோட்டுகளைப் பிரித்துக்கொள்ளுங்கள். நாணயங்களை ஊரில் யாரும் மாற்றித் தரமாட்டார்கள் என்பதால், அவற்றை விமான நிலையத்தில் தண்ணீர் பாட்டில் வாங்கியே தீர்த்துவிடலாம்.